பிணை

அதிகாலை நாலு பத்துக்கு
இரண்டு கைபேசிகள் ஒன்றாக அலறின.
ஆற்றுக்கு இந்தப்புறம் என்னுடையது,
அந்தப்புறம், நகரத்தில், லண்ட்கிரெனுடையது.
ஆறு மணி நேரம் அசையாவிட்டால்
காலர் சாவு என்று சொல்லிவிடும்.
நாற்பத்தேழாம் எண். எல்க் பிணை. சினை.

போன பிப்ரவரியில் ஹெலிகாப்டர் வலைக்குள் அது திமிறியபோது
நாங்கள் இருவரும்தான் கண்ணைக் கட்டினோம்.
காலர் விலையில் பாதி மாநிலம், பாதி எங்கள் பழங்குடி மன்றம்.
பேட்டரி யார் கணக்கில் என்று
மூன்று கடிதம் போய் வந்தது.

காஸ்கேட் மலையில் அன்று
மழையுமில்லை பனியுமில்லை,
நடுவே ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது.
காலர் கேட்டுக் கம்பத்தில் இருந்தது.
வாரை அறுக்காமல், திருகாணி கழற்றி,
விருந்தாளி தொப்பியை மாட்டியதுபோல.
அந்த ஒழுங்கைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிட்டது.
டெல்பர்ட். என் சித்தி மகன்.
கருவிகளைத் துடைத்து வைக்காமல் தூங்கமாட்டான்.

எழுபத்துநாலில் இதே சரிவில்
அவன் அப்பாவைப் பிடித்தார்கள்.
சட்டைப்பையில் ஒப்பந்தத்தின் நகல், மடிப்புகளில் கிழிந்தது:
யாரும் உரிமை கோராத திறந்த நிலத்தில் வேட்டையாடலாம்.
(யார் கோரவில்லை? எங்களை யார் கேட்டார்கள்?)
வழக்கில் ஜெயித்தார்.
துப்பாக்கி பதினோரு வருஷம் கழித்து வந்தது,
குழாய்க்குள் சிலந்தி குடித்தனம்.
அதே துப்பாக்கிதான்.

அக்டோபரில் கூடத்தில் கை தூக்கினோம்.
மந்தை நானூற்றுப் பன்னிரண்டு, கன்று குறைவு.
இந்த ஆண்டு பிணை சுடுவதில்லை,
நாமும் இல்லை, அவர்களும் இல்லை.
டெல்பர்ட் எழுந்தான்:
அப்பா திறந்த கதவை நாமே பூட்டுவதா?
காப்பிக் கொதிகலன் பக்கமிருந்து ஒருத்தி சொன்னாள்:
சாவி நம்ம கையில் இருக்கப்போய்த்தானே பூட்டுகிறோம்.
முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது.
நான் எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

லண்ட்கிரென் பாலத்தோடு நின்றான்.
இதற்கு மேல் உங்கள் நீதிமன்றம், என்றான்.
ஃப்ளாஸ்கை நீட்டினான்.
மலைக்கு அந்தப்புறம் இரண்டு கலைமான்கள்
தலையில்லாமல் கிடக்கின்றன, கொம்புக்காக.
பிடிபட்டவர் யாருமில்லை.
நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

கொட்டகையில் தொடைகள் துணி சுற்றித் தொங்கின.
ஒரு துண்டு வீணில்லை.
வயிற்றில் இருந்ததை மட்டும்
சிடார் கிளை போட்டு மூடியிருந்தான்.
குளிர்பெட்டி காலி, என்றான்.
தெரியும், என்றேன்.
குற்றச்சீட்டு எழுத எடுத்த பேனா
குளிரில் உறைந்துபோயிருந்தது.
அவன்தான் பென்சில் கொடுத்தான்.

எங்கள் நீதிமன்றம் பழைய உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீதிபதி.
இறைச்சி பொதுச் சமையலுக்கு,
துப்பாக்கி அலமாரிக்கு,
விசாரணை ஏப்ரலுக்கு.
அதுவரை பிணைக்கு யார், என்று கேட்டாள்.
சித்தி தரையைப் பார்த்தாள்.
இருபத்தொன்பது பேரில் வந்திருந்தவர்களும்
முப்பத்தொரு பேரில் வந்திருந்தவர்களும்
மூன்று புள்ளிக் கோட்டைப் பார்த்தார்கள்.
நான் கை தூக்கினேன்.
பிடித்தவளே நிற்கலாமா என்று
எழுத்தர் சட்டத்தைப் புரட்டினார்.
கூடாது என்று எங்கும் இல்லை.

சாயங்காலம் லண்ட்கிரென் அழைத்தான்.
நானூற்றுப் பதினொன்று என்று போட்டுவிடட்டுமா?
என் புத்தகத்திலும் போட்டேன்.
வயிற்றில் இருந்ததை எங்கே எழுதுவது என்று கேட்டான்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
அவன் படிவத்திலும் இல்லை.
இரண்டு முனையிலும் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு அவன்,
செவ்வாய்க்கிழமை அந்தக் கலைமான்களைப் பார்க்க வருகிறாயா,
பனிச்சங்கிலி கொண்டு வா,
எங்கள் பக்கம் பாதை மோசம்.